எஸ்பிஎம் முடிந்தது, அடுத்து என்ன படிப்பது? வேலையிலிருந்து தொடங்கிப் படிப்பைத் தேடும் வழி, பினாங்குப் பிள்ளைகளுக்காக

எஸ்பிஎம், அதாவது மலேசியாவில் இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் தேர்வு, அதன் முடிவு வந்துவிட்டால் அடுத்த இரண்டு வாரத்துக்கு என் கைப்பேசி சும்மா இருக்காது. அக்காள் மகன், கோயிலில் பழக்கமானவரின் மகள், பக்கத்து வீட்டுப் பையன் என்று யாராவது கூப்பிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "மாமா, எந்தக் கோர்ஸ் எடுத்தா வேலை கிடைக்கும்?" நான் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் 18 வருடமாக இருக்கிறேன். போலிடெக்னிக் முடித்து டெக்னீஷியனாக நுழைந்து, வேலை பார்த்துக்கொண்டே பட்டம் வாங்கி, இப்போது புதிதாக வருகிறவர்களை நேர்முகம் காணும் மேசையில் ஓர் ஓரமாக உட்காருகிறேன், அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

நான் திருப்பிக் கேட்பது இதுதான்: "என்ன வேலை, எங்கே, யாரிடம்?" பெரும்பாலும் பதில் வராது. கோர்ஸ் பெயர் பத்துத் தெரியும், வேலையின் பெயர் ஒன்றுகூடத் தெரியாது. நாட்டின் புள்ளிவிவரத் துறைக் கணக்குப்படி, உயர்கல்வி முடித்து வேலையில் இருப்பவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் அந்தப் படிப்பே தேவைப்படாத வேலையில் இருக்கிறார்கள். அதனால் கீழே இருக்கும் வழி தலைகீழாகப் போகும். முதலில் வேலை, அப்புறம் அதற்கு வேண்டிய தகுதித் தாள், அதற்கும் அப்புறம்தான் கல்லூரி.

படி 1: கோர்ஸ் புத்தகத்தை மூடுங்கள், 10 வேலை விளம்பரத்தைப் படியுங்கள்

கல்விக் கண்காட்சியில் கொடுத்த பளபளப்பான புத்தகங்களை எடுத்து வைத்துவிடுங்கள். ஜாப்ஸ்ட்ரீட் என்ற வேலைத் தளத்தையும், சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்க்கேசோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்தையும் திறந்து, இடம் என்ற கட்டத்தில் பினாங்கு என்று கொடுத்து, பிள்ளைக்குப் பிடிக்கலாம் என்று தோன்றும் வேலைகளில் 10 விளம்பரங்களைப் பொறுக்குங்கள். பெயர்கள் முதலில் மிரட்டும்: டெஸ்ட் என்ஜினியர், ப்ராசஸ் என்ஜினியர், குவாலிட்டி, சப்ளை செயின், அக்கவுண்ட்ஸ் பேயபிள் என்று வரும். பயப்பட வேண்டாம். ஒரு நோட்டில் கோடு போட்டு ஒவ்வொன்றுக்கும் ஐந்து விஷயத்தை எழுதுங்கள்: என்ன தகுதி கேட்கிறார்கள், எந்தெந்தத் துறைப் பட்டத்தை ஏற்கிறார்கள், என்ன மென்பொருள் அல்லது கருவி தெரிந்திருக்க வேண்டும், என்ன மொழி, ஷிப்ட் உண்டா இல்லையா.

சனிக்கிழமை ஒரு காலைப்பொழுது போதும். இதைப் பெற்றோர் செய்யாமல் பிள்ளையே செய்ய வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கலாம், தப்பில்லை.

10 முடிந்ததும் நோட்டைப் பாருங்கள். ஒரே வேலைக்கு மின்னியல், மின்னணுவியல், மெக்கட்ரோனிக்ஸ், சில இடத்தில் இயற்பியல் பட்டம்கூட எழுதியிருக்கும். அப்படியென்றால் அந்த வேலைக்கு நான்கு வாசல், எந்த வாசல் வழியாகப் போனாலும் உள்ளே ஒரே கூடம்தான். இன்னொரு பக்கம், பிள்ளை ஆசைப்படும் கோர்ஸின் பெயர் ஒரு விளம்பரத்தில்கூட வரவில்லை என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு இது பழைய வலி. 2005இல் தேசிய உயிரித்தொழில்நுட்பக் கொள்கை வந்த சமயத்தில் எங்கே பார்த்தாலும் அந்தப் பேச்சுதான், எங்கள் தாமானிலேயே (குடியிருப்பிலேயே) இரண்டு பேர் அந்தப் பட்டம் எடுத்தார்கள், இரண்டு பேரும் கெட்டிக்காரப் பிள்ளைகள், இன்று ஒருவர் காப்புறுதி விற்கிறார், மற்றவர் டியூஷன் சென்டர் நடத்துகிறார். நன்றாகத்தான் இருக்கிறார்கள், ஆனால் அந்த வருமானத்துக்கு ஆய்வுக்கூடத்தில் கழித்த அத்தனை நாளும் தேவையே இல்லை.

இன்று அந்த இடத்தில் செயற்கை நுண்ணறிவு என்று பெயர் வைத்த கோர்ஸ்கள் இருக்கின்றன. அதில் வேலை இல்லை என்று நான் சொல்லவில்லை. விளம்பரங்களைப் பார்த்தால் கணினி அறிவியல், மென்பொருள் பொறியியல், புள்ளியியல், கணிதம் என்ற பழைய பெயர்களைத்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள், கூடவே பைத்தான் என்ற நிரல்மொழி தெரியுமா என்று. பெயரில் புதுமை இருக்கும் பட்டத்தைவிட வேர் ஆழமாக இருக்கும் பட்டம் நல்லது, ஐந்து வருடம் கழித்துக் காற்று திசை மாறினால் அதுதான் தாங்கும்.

மொழி விஷயத்தைப் பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை. பினாங்கு விளம்பரங்களில் மாண்டரின் தெரிந்தால் நல்லது என்ற வரி அடிக்கடி கண்ணில் படும். அதைப் பார்த்துச் சோர்ந்து உட்கார வேண்டாம், எங்கே அந்த வரி வருகிறது, எங்கே வரவில்லை என்று நோட்டில் பிரித்து எழுதுங்கள். விற்பனை, வாடிக்கையாளர் சேவை, உள்ளூர் சிறு நிறுவனங்கள் பக்கம் அதிகம். பன்னாட்டு நிறுவனத்தின் பொறியியல் வேலைகளில் குறைவு, அங்கே ஆங்கிலத்தில் தயங்காமல் பேச வராவிட்டால்தான் அடி. நான் பார்த்த நேர்முகங்களில் நம் பிள்ளைகள் விழுந்தது பாடத்தில் குறைவு, "உன் ஃபைனல் இயர் ப்ராஜெக்டைப் பற்றிச் சொல்" என்றதும் குரல் தேய்ந்துபோனதில்தான் அதிகம்.

இன்னும் ஒரு இடம் பார்க்கலாம். அரசின் திறனாளர் நிறுவனமான டேலண்ட்கார்ப் வெளியிடும் முக்கியத் தொழில்களின் பட்டியல், ஆள் பற்றாக்குறை எந்த வேலைகளில் இருக்கிறது என்று வேலையின் பெயரோடு சொல்கிறது. உயர்கல்வி அமைச்சு பட்டதாரிகளின் நிலையைப் பின்தொடர்ந்து கணக்கெடுக்கும் ஆய்வையும் நடத்துகிறது. கல்லூரிக்காரர் "எங்கள் மாணவர்களில் இத்தனை பேருக்கு வேலை" என்று சொல்லும்போது, அந்தக் கணக்கில் பகுதிநேர வேலையும் மேல்படிப்புக்குப் போனவர்களும் சேர்ந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

படி 2: எந்த ஊரில் வாழப்போகிறாய்?

இதை வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஒரே பிள்ளை, அப்பா அம்மாவுக்கு வயதாகிறது, பினாங்கை விட்டுப் போக மனமில்லை என்றால் பினாங்கில் என்ன இருக்கிறதோ அதற்குத்தான் படிக்க வேண்டும். கோலாலம்பூர், ஜொகூர், சிங்கப்பூர் எங்கே வேண்டுமானாலும் போகத் தயார் என்றால் கணக்கே வேறு.

பினாங்கில் என்ன இருக்கிறது என்பதற்கு ஒரு கதை உண்டு. 1972இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வணிக மண்டலம் தொடங்கியபோது இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை இங்கேதான் கட்டியது. ஏ.எம்.டி., ஹியூலெட் பேக்கார்ட், நேஷனல் செமிகண்டக்டர், லிட்ரோனிக்ஸ், பாஷ், ஹிட்டாச்சி, கிளாரியன் என்று, இன்டெலோடு சேர்த்து அந்தக் காலத்தில் வந்த எட்டு நிறுவனங்களை இன்றைக்கும் 'எட்டு சாமுராய்கள்' என்று பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் அத்தைமார் தலைமுறை அங்கே நுண்ணோக்கியில் கண்ணை வைத்து மின்னணுச் சில்லில் (சிப்) தங்கக் கம்பி ஒட்டியது. இப்போது அந்த வேலையை இயந்திரம் செய்கிறது, அந்த இயந்திரத்தைப் பராமரிப்பவர், அதற்கு நிரல் எழுதுபவர், வெளிவரும் சில்லைச் சோதிப்பவர், சில்லையே வடிவமைப்பவர் ஆகியோருக்குத்தான் ஆள் தேடுகிறார்கள். உலகச் சில்லுச் சோதனை, பொதிவு வேலையில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. 2024 மே மாதம் அரசு அறிவித்த தேசிய செமிகண்டக்டர் வியூகத்தில் 60,000 பொறியாளர்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்று ஓர் இலக்கு இருக்கிறது. இலக்கு என்பது இலக்குதான், அத்தனை வேலையும் தட்டில் வைத்துக் காத்திருக்கிறது என்று பொருளில்லை. இந்தத் தொழிலில் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும், இறங்கும் வருடத்தில் ஆள் எடுப்பதையே நிறுத்துவார்கள், நானே இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

தீவுக்கு எதிரே பெருநிலத்தில் இருக்கும் பினாங்குப் பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தி: தீவோடு இணைக்கும் இரண்டாம் பாலம் 2014இல் திறந்த பிறகு பெருநிலப் பக்கம் பத்து கவானில் தொழிற்பேட்டை பெரிதாகிக்கொண்டே போகிறது. சுங்கை பாக்காப், நிபோங் திபால், சிம்பாங் அம்பாட் பக்கம் வீடு இருந்தால் பாலம் ஏறாமலே வேலைக்குப் போகலாம்.

சில்லு மட்டும்தானா என்றால் இல்லை. மருத்துவக் கருவி தயாரிக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன, பி. பிரவுன் 1972 முதல் இங்கே இருக்கிறது. தனியார் மருத்துவமனைகளுக்கு மேடானிலிருந்தும் மற்ற இந்தோனேசிய ஊர்களிலிருந்தும் நோயாளிகள் வந்தபடி இருக்கிறார்கள், அதனால் தாதியர், மருந்தாளர், உடலியக்கச் சிகிச்சையாளர், ஆய்வுக்கூட ஊழியர் எல்லாரும் வேண்டும். பன்னாட்டு நிறுவனங்களின் கணக்கு வேலையை மொத்தமாக ஓரிடத்தில் செய்யும் அலுவலகங்களும் இருக்கின்றன. அப்புறம் பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள், நாடு முழுக்க ஐநூறுக்கும் மேல்.

படி 3: பட்டத்துக்கும் வேலைக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கிறதா?

சில துறைகளில் பட்டம் வாங்கியதும் வேலைக்குப் போகலாம். சிலவற்றில் பட்டம் பாதி வழிதான், அதற்குப் பிறகு ஒரு வாரியம், ஒரு தேர்வு, ஒரு பயிற்சிக் காலம் என்று கதவு மேல் கதவு இருக்கும். பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தக் கதவுகளை எண்ணுங்கள்.

மருத்துவத்தை முதலில் சொல்கிறேன், நம் வீடுகளில் பேச்சு அங்கேதானே தொடங்குகிறது. பட்டம் ஐந்து வருடம், அதன்பின் இரண்டு வருடம் ஹவுஸ்மேன்ஷிப் என்னும் மருத்துவமனைப் பயிற்சி, அதன்பின் கட்டாயச் சேவை. 2016 டிசம்பரிலிருந்து புதிய மருத்துவர்களை ஒப்பந்த அடிப்படையில்தான் எடுக்கிறார்கள், நிரந்தர இடம் எல்லாருக்கும் கிடையாது. 2021 ஜூலை 26ஆம் தேதி ஒப்பந்த மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தது அதற்காகத்தான். வெளிநாட்டில் படிப்பதாக இருந்தால், அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை மலேசிய மருத்துவ மன்றம் ஏற்கிறதா என்பதை ஏஜென்டிடம் கேட்காமல் மன்றத்தின் பட்டியலிலேயே பாருங்கள். உண்மையான ஆசையும் மதிப்பெண்ணும் இருக்கும் பிள்ளையை நான் தடுக்க மாட்டேன். ஆனால் கல்யாணப் பத்திரிகையில் 'டாக்டர்' என்று போடுவதற்காக வீட்டை அடமானம் வைப்பதை இரண்டு இடத்தில் பார்த்துவிட்டேன்.

சட்டம்: மலாயாப் பல்கலைக்கழகம், தேசியப் பல்கலைக்கழகம் போன்ற அரசுப் பல்கலைக்கழகத்தில் படித்தால் சி.எல்.பி. எனப்படும் வழக்கறிஞர் தகுதித் தேர்வு கிடையாது. தனியாரில் இங்கிலாந்துப் பட்டம் எடுத்தால் அந்தத் தேர்வைத் தாண்ட வேண்டும், அது சாமானியத் தேர்வில்லை. பிறகு ஒன்பது மாதம் ஒரு வழக்கறிஞரிடம் சேம்பரிங் என்னும் பயிற்சி. மலாய் மொழி வலுவாக இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் கஷ்டம்.

கணக்கியலில் பட்டயக் கணக்காளர் என்று போட்டுக்கொள்ள எம்.ஐ.ஏ. எனப்படும் மலேசியக் கணக்காளர் கழகத்தில் பதிய வேண்டும், அதற்கு அனுபவமும் கேட்பார்கள். ஆனால் பதியாமலே வேலை செய்ய நிறைய இடம் உண்டு, ஏ.சி.சி.ஏ. என்ற கணக்காளர் தகுதித் தேர்வை வேலை பார்த்துக்கொண்டே ஒவ்வொரு தாளாக எழுதலாம். இதனால்தான் சுமாரான பணவசதி இருக்கும் வீடுகளுக்கு இந்தத் துறையை நான் அடிக்கடி சொல்கிறேன். பொறியியலில், பட்டம் இ.ஏ.சி. எனப்படும் பொறியியல் அங்கீகார மன்றத்தின் அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள், மலேசியா 2009இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினராகச் சேர்ந்ததால் அந்த அங்கீகாரம் வெளிநாட்டிலும் மதிக்கப்படும்.

உளவியல் இப்போது பெண்பிள்ளைகள் அதிகம் கேட்கும் பாடம். பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு மருத்துவமனையில் உளவியலாளராக உட்கார முடியாது, கிளினிகல் உளவியலுக்கு முதுகலை வேண்டும். ஆலோசகராகப் பணியாற்ற 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி பதிவு வேண்டும். முதுகலை வரை போக மனமும் பணமும் இருந்தால் சரி, இல்லாவிட்டால் அந்தப் பட்டத்தோடு மனிதவளத் துறைக்குப் போகும் எண்ணம் இருக்கிறதா என்று முன்கூட்டியே யோசியுங்கள்.

தாதிமைக்கு வாரியத் தேர்வும் பதிவும் உண்டு, வேலை இல்லாமல் இருக்கும் தாதியை நான் பார்த்ததில்லை, வேலை சுமை என்பது வேறு கதை. தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஆக வேண்டும் என்றால் ஆசிரியர் கல்விக் கழகம் அல்லது தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம், அங்கே போட்டி கடுமை, பணியிடம் எந்த மாநிலத்தில் கிடைக்கும் என்று நாம் தீர்மானிக்க முடியாது.

படி 4: உள்ளே போகும் பாதை

வேலை தெரிந்துவிட்டது, கதவுகளும் தெரிந்துவிட்டன. இனி எந்த வழியாக நுழைவது?

எஸ்பிஎம்முக்குப் பிறகு பள்ளியிலேயே தொடரும் ஆறாம் படிவத்தை நம் வீடுகளில் ஏனோ தண்டனை மாதிரி பார்க்கிறார்கள். மூன்று பருவம், ஏறக்குறைய ஒன்றரை வருடம், செலவு மிகக் குறைவு, அதன் முடிவில் வாங்கும் எஸ்.டி.பி.எம். சான்றிதழை வெளிநாட்டிலும் ஏற்கிறார்கள். பாடம் கஷ்டம்தான். மெட்ரிகுலேஷன் என்ற அரசின் பல்கலைக்கழக முன்படிப்பு ஒரு வருடத்தில் முடியும், பூமிபுத்ரா (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) அல்லாதவர்களுக்கு இடம் குறைவு. 2024இல் எஸ்பிஎம்மில் 10ஏ எடுத்த எல்லாருக்கும் இன வேறுபாடின்றி இடம் என்று அறிவித்தார்கள், அதைவிடக் குறைவாக எடுத்தவர்கள் விண்ணப்பித்துவிட்டு அதையே நம்பிக் காத்திருக்க வேண்டாம், இன்னொரு பாதையைக் கையில் வைத்திருங்கள். அரசுப் பல்கலைக்கழகத்துக்கு யுபியு என்ற பொது விண்ணப்ப முறை வழியாகப் போகும்போது மதிப்பெண்ணில் 90 விழுக்காடு பாடத்துக்கு, 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு. பள்ளியில் கழகத்துக்குப் போகாமல் டியூஷனுக்குப் போன பிள்ளைகள் அந்தப் பத்தில் தோற்பார்கள். மலாய் மொழியில் கிரெடிட் இல்லாவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

டிப்ளோமா என் வழி, அதனால் எனக்குக் கொஞ்சம் பாரபட்சம் உண்டு. பெர்மாத்தாங் பாவ்வில் செபராங் பிறை போலிடெக்னிக் இருக்கிறது, தீவில் பாலிக் புலாவ் போலிடெக்னிக். 1989இல் தொடங்கிய பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் தொழிற்சாலைகளே சேர்ந்து நடத்துவது, எந்த இயந்திரத்தில் வேலை செய்யப்போகிறோமோ அதைப் போன்ற ஒன்றில்தான் பயிற்சி. புத்தகத்தைப் பார்த்தாலே தூக்கம் வரும், ஆனால் மோட்டாரைப் பிரித்தால் மூன்று மணி நேரம் எழுந்திருக்காத பையன் இருக்கிறானே, அவனை வணிக நிர்வாகம் படிக்க அனுப்பாதீர்கள். நிபோங் திபாலில் ஆறுமுகம் பிள்ளை பெயரிலேயே மனிதவள அமைச்சின் தொழிற்பயிற்சிக் கழகம் இருக்கிறது, நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? மலேசியத் திறன் சான்றிதழ் 1 முதல் 3 வரை, நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா என்று அதிலும் ஏணி உண்டு. முதல் நிலையோடு இறங்கிவிடாமல் ஏறுகிறவனுக்கு நல்ல சம்பளம் இருக்கிறது.

படி 5: அங்கீகாரம், கல்லூரியின் வாயிலிருந்து அல்ல

என் நெருங்கிய உறவுக்காரப் பையன் ஒருவன் தனியார் கல்லூரி ஒன்றில் சேர்ந்தான், பெயர் வேண்டாம். விளம்பரப் பலகையில் எம்.கியூ.ஏ. (மலேசியத் தகுதி முகமை) அங்கீகாரம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அது தற்காலிக அங்கீகாரம். முழு அங்கீகாரம் அவன் படித்து முடித்தபோதும் வரவில்லை, அரசு வேலைக்கு விண்ணப்பித்த இடத்தில் தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதன்பின் வந்துவிட்டது என்றாலும் ஒரு வருடம் போனது போனதுதான்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. மலேசியத் தகுதிப் பதிவேடு இணையத்தில் இருக்கிறது, கல்லூரியின் பெயர், கோர்ஸின் முழுப்பெயர் இரண்டையும் தட்டிப் பாருங்கள். கல்லூரிக்கு அங்கீகாரம் என்று பொதுவாக எதுவும் போதாது, அந்தக் குறிப்பிட்ட கோர்ஸ், அந்தக் கிளை, அதே பெயர், அதுதான் பதிவேட்டில் வர வேண்டும். திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: கணக்குப் போடுங்கள்

மொத்தக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, பஸ், மடிக்கணினி எல்லாவற்றையும் கூட்டுங்கள். அரசின் உயர்கல்விக் கடன் நிதியான பி.டி.பி.டி.என். கொடுக்கும் கடன் தனியார் கல்லூரிக் கட்டணம் முழுவதையும் அடைக்காது, மிச்சத்தை யார் போடுவது என்பதைச் சேரும் முன்னாலேயே பேசி முடிவு செய்யுங்கள். 40,000 வெள்ளி (ரிங்கிட்) கடன் வாங்கி 15 வருடத்தில் கட்டுவதாக வைத்துக்கொண்டால், சேவைக் கட்டணம் சேர்க்காமலே மாதம் 222 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. நோட்டில் குறித்த விளம்பரங்களில் போட்டிருக்கும் தொடக்கச் சம்பளத்தை இதற்குப் பக்கத்தில் எழுதுங்கள். நான்கு வருடம் படித்து, கடனும் கட்டி, கையில் வருவது குறைந்தபட்சச் சம்பளத்தைவிட எவ்வளவு அதிகம்? அந்த வித்தியாசம் சிறியது என்றால் கோர்ஸ் தப்பு, அல்லது கல்லூரி விலை அதிகம். முதல் வகுப்பில் பட்டம் வாங்கினால் கடனைத் தள்ளுபடி செய்ய விண்ணப்பிக்கலாம் என்பதைப் பிள்ளையின் மேசைக்கு மேலே ஒட்டி வையுங்கள். பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தின் கல்வி உதவிக்கும் மனுப் போடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

படி 7: அந்த வேலையில் இருப்பவரைப் பிடியுங்கள்

இரண்டு பேர் போதும். ஒருவர் அந்த வேலையில் 2 வருடம் ஆனவர், இன்னொருவர் 15 வருடம் ஆனவர். "நல்ல வேலையா?" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். நேற்றுக் காலை முதல் மாலை வரை என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள், படித்ததில் எது பயன்பட்டது என்று கேளுங்கள், மறுபடி 17 வயதானால் என்ன எடுப்பீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஒரு தாதி அக்கா ஐந்து நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு "இதையேதான், ஆனா நைட் ஷிப்ட் இல்லாம" என்றார். எந்தக் கண்காட்சியிலும் இந்தப் பதில் கிடைக்காது.

இதெல்லாம் முடிந்து யுபியுவில் வரிசை போடும்போது, முதல் இடத்தில் ஆசை, நடுவில் நோட்டில் குறித்த வேலைக்கு அதே கூடத்தில் கொண்டுபோய் விடும் மற்ற வாசல்கள், கடைசியில் மதிப்பெண்ணுக்கு நிச்சயம் கிடைக்கும் ஒன்று என்று வையுங்கள். பெயர் அழகாக இருக்கிறது என்பதற்காக எதையும் நடுவில் செருகாதீர்கள், அதுதான் கிடைத்துத் தொலைக்கும்.

பதில் வரும் வரை சில மாதம் சும்மா இருக்கும். பேரங்காடியில் காசாளர் வேலை கிடைத்தால் போகட்டும், எக்செல் படிக்கட்டும், கைப்பணம் சேர்ந்ததும் மோட்டார் சைக்கிள் உரிமமும் எடுத்துவிடட்டும். நான் பார்த்த டெக்னீஷியன் விளம்பரங்களில் பாதிக்கு மேல் கடைசி வரி 'சொந்த வாகனம் வேண்டும்' என்பதுதான்.